பிட்டார்வி வீட்டின் பின்கட்டு

பழைய வீடுகளை அளப்பது என் தொழில். முப்பத்தொரு வருஷம் அதைச் செய்தேன். ஸ்காட்லாந்தில் எங்கள் ஆங்கஸ் பக்கத்தில் என் காரின் சத்தம் கேட்டாலே பெரிய வீட்டுக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒரு வீட்டை இடிப்பதற்கு முன்னால் அதை அளந்து, வரைந்து, படமெடுத்து, அறிக்கை எழுதிக் கோப்பில் வைப்பதுதான் எங்கள் ஆபீஸின் வேலை. அதனால் சவப்பெட்டிக்கு அளவெடுக்க வந்தவளைப் பார்ப்பது மாதிரித்தான் என்னைப் பார்ப்பார்கள். நானும் அதற்கெல்லாம் கூச்சப்பட்டவள் இல்லை. மனிதர்கள்தான் பொய் சொல்வார்கள், கல் சொல்லாது என்று அந்த வயதில் ரொம்பவும் திமிராக நம்பிக்கொண்டிருந்தேன். பிட்டார்வி வீட்டில் கல்லும் பொய் சொல்லும் என்று கண்டுபிடித்தேன். அதே வீட்டில் நானும் ஒரு காரியம் செய்தேன். இதை எழுதுவதே அதைச் சொல்லத்தான்.

1957 செப்டம்பர். எனக்கு இருபத்தொன்பது வயது. எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்த வருஷங்கள். போர்க்காலத்தில் அந்த வீடுகளில் தங்கிய படைக்காரர்கள் குழாய்களை உறைய விட்டு, கூரை ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்து, போகும்போது மரத்தை அரிக்கும் பூஞ்சணத்தை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதை எதிர்த்து நிற்க முடியாதவர்கள் வீட்டை இடித்தார்கள். கொஞ்சம் முடிந்தவர்கள் பாதியை இடித்தார்கள்.

பிட்டார்வியின் சொந்தக்காரர் மேஜர் ஆலிக் ராட்ரே அந்த இரண்டாவது வகை. அறுபத்திரண்டு வயது, மனைவி இல்லை, பிள்ளை இல்லை. ஊரில் ஒருவரும் அவரை ராட்ரே என்று சொல்ல மாட்டார்கள். நிலமுள்ளவருக்கு வீட்டின் பெயரே பெயர். பிட்டார்விக்கு மூட்டுவலியாம், பிட்டார்வி ஆட்டையெல்லாம் விற்றுவிட்டாராம் என்றுதான் பேசிக்கொள்வார்கள். வீட்டில் பாதி போகப்போகிறது என்றதும், அவர் காலை எடுக்கப்போகிறார்கள் என்பது மாதிரி வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

வீடு இரண்டு கட்டு. முன்கட்டு, வண்டிப்பாதையில் வருகிறவர்கள் வாயைப் பிளக்க வேண்டும் என்றே கட்டியது. ஐந்து மாடிக் கோபுரம், நாலு மூலையிலும் கூம்புத் தொப்பி போட்ட கூண்டுகள், படிப்படியாக ஏறும் சுவர் முகடு, மழைத்தண்ணீர் கொட்டுவதற்குக் கல்லில் செதுக்கிய பீரங்கி வாய்கள். வாசலுக்கு மேலே கல்யாணக் கல். அந்தக் காலத்தில் வீடு கட்டியவர்கள் கல்யாண வருஷத்தை நிலைக்கல்லில் வெட்டி வைப்பார்கள். புருஷனின் முதலெழுத்துகள் ஒருபக்கம், பெண்சாதியின் முதலெழுத்துகள் ஒருபக்கம். எங்கள் பெண்கள் கல்யாணம் ஆனாலும் அப்பா வீட்டுப் பெயரை விடாதவர்கள், கல்லிலும் விடவில்லை. பிட்டார்விக் கல்லில் நடுவே ஒரு இதயம், கீழே 1587.

பின்கட்டை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இரண்டே தளம், மேலே ஒரு பரண். சிமெண்டு பூசிய சுவர், மூன்று புகைபோக்கி, ஆலைத் தொழிலாளர் குடியிருப்பில் இருப்பது போன்ற சன்னல்கள். கீழே சமையலறை, மேலே வேலைக்காரர்களுக்கு மூன்று அறைகள். மேஜரின் தாத்தா சர் ஆர்ச்சிபால்ட், டண்டி நகரத்தில் சணல் ஆலை நடத்திக் கொழித்தவர். 1868-இல் அவர் வீட்டை எடுத்துக் கட்டியபோது முன்கட்டுக் கோபுரத்தைப் பழுது மட்டும் பார்த்தார், பின்கட்டைப் புதிதாகச் சேர்த்தார் என்பது குடும்பக் கதை. இரண்டு கட்டுக்கும் நடுவில் நீளமான இணைப்புக் கூடம். பூஞ்சணம் அங்கேதான் குடியிருந்தது.

இணைப்பையும் பின்கட்டையும் இடித்துவிட்டு முன்கட்டோடு வாழ்வது என்று மேஜர் தீர்மானித்திருந்தார். நான் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. அடுத்த திங்கட்கிழமை இடிப்பவர்கள் வருவதாக ஏற்பாடு.

"தாத்தாவோட சமையலறை போனா போகட்டும், மிஸ் லெய்ங்," என்றார் மேஜர், கல்யாணக் கல்லுக்குக் கீழே நின்றுகொண்டு. "பழசு நிக்கணும். அதுதான் நாங்க."

எனக்குச் சாப்பாடும் படுக்கையும் பின்கட்டில் தந்தார்கள். அங்கே ராஜ்யம் நடத்தியவர் சமையல்காரி மிஸஸ் மெல்ட்ரம். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. பெரிய வீட்டுச் சமையல்காரிக்கு 'மிஸஸ்' பட்டம் அடுப்போடு சேர்ந்து வந்துவிடும். ஒல்லியான, நிமிர்ந்த பெண்மணி. பார்லியும் ஆட்டெலும்பும் போட்டு ஒரு சூப் வைப்பார். அதைக் குடித்த பிறகு ஒரு மணி நேரத்துக்கு எனக்கு யார் மேலும் கோபம் வராது, அது எனக்குப் பெரிய விஷயம். மாடியில் சுழல் படிக்கட்டை ஒட்டிய முதல் அறை அவருடையது. ஒரு இரும்புக் கட்டில், ஒரு அலமாரி, சன்னல் மாடத்துக்குள் ஒரு நாற்காலி. அந்த மாடம் அவ்வளவு ஆழம். நாற்காலி போட்டு, காலை நீட்டி, மடியில் பின்னல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அறையிலிருந்து பார்க்கிறவருக்கு அவர் தலை மட்டும்தான் தெரியும்.

பின்கட்டு போனால் அந்த அறையும் போகும். பக்கத்து டவுன் ஃபார்ஃபரில் அவருடைய தங்கை இருக்கும் தெருவிலேயே ஒரு நகரசபை வாடகை வீட்டுக்கு மேஜர் சொல்லி வைத்திருந்தார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். மிஸஸ் மெல்ட்ரத்திடம் அதைப் பற்றிக் கேட்டபோது, கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"நீ என் தங்கச்சியப் பார்த்ததில்ல கண்ணு. அவ பேச ஆரம்பிச்சா கடிகாரமே நின்னு கேக்கும். எங்க வீட்ல ஒம்பது பேரு, ஒரே ரூம். அப்புறம் வேலைக்குப் போன இடத்துலயெல்லாம் ஒரு கட்டில்ல ரெண்டு பேரு. இருபத்தேழு வயசுல இங்க வந்தேன். எனக்குன்னு கதவைச் சாத்திக்கிட்ட முதல் ரூம் இதுதான். இங்கயே செத்துப்போகணும்னு இருந்தேன். அதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் சும்மா உக்காரவும் ஆசை."

சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு ஓட்ஸ் ரொட்டியை வெண்ணெய் தடவித் தந்தார். அழவெல்லாம் இல்லை.

முதல் நாள் முன்கட்டை அளந்தேன். மறுநாள் பின்கட்டு. வியாழக்கிழமை மத்தியானம் சமையலறை மேஜையில் தாளை விரித்து வரைய உட்கார்ந்தால் பின்கட்டின் கோடுகள் பொருந்த மறுத்தன. வெளியே முப்பத்துநாலு அடி அகலம். உள்ளே இருபத்தொன்று. பதின்மூன்று அடியைக் காணவில்லை. என் மேலேயே எரிச்சல்பட்டுக்கொண்டு திரும்ப அளந்தேன், அதே பதின்மூன்று. அப்படியென்றால் இந்தப் பக்கச் சுவர் ஆறரை அடி, அந்தப் பக்கச் சுவர் ஆறரை அடி. ஆலை முதலாளி ஒருவர் தன் சமையல்காரிக்கு ஆறரை அடித் தடிமனில் சுவர் கட்டிக் கொடுத்தார் என்று நம்ப நான் தயாராக இல்லை. அப்படிப்பட்ட சீமான் இந்த நாட்டில் பிறக்கவில்லை.

மிஸஸ் மெல்ட்ரத்திடம், சுவரில் எங்காவது பொந்து, மாடம், அடைத்த கதவு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். வெண்ணெய் வைக்கும் பொந்து இருக்கிறது என்று இறைச்சி அலமாரியை நகர்த்திக் காட்டினார். வெயில்காலத்தில்கூட அதில் வெண்ணெய் இளகாதாம். டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்பக்கம் அகலமாகத் தொடங்கி வெளிப்பக்கம் போகப் போகக் குறுகி, முடிவில் தலைகீழாகப் பிடித்த சாவித் துவாரம் மாதிரி ஒரு கல். வெளியே சிமெண்டு பூசி அடைத்திருந்தார்கள். துப்பாக்கிக் குழலை நீட்டிச் சுடுவதற்கான பொந்து அது. பக்கத்து நிலக்காரன் மாடு திருட வரும் காலத்தில்தான் வீட்டில் அதை வைப்பார்கள். சணல் ஆலை முதலாளியின் சமையலறைக்கு அது எதற்கு?

"முப்பத்துநாலு வருஷமா துப்பாக்கிப் பொந்துல வெண்ணெய் வெச்சிருக்கீங்க, மிஸஸ் மெல்ட்ரம்," என்றேன்.

"ஒருத்தனையும் சுட்டதில்ல கண்ணு. ஆனா ரெண்டு மூணு தடவ நெனச்சிருக்கேன்," என்றார்.

அதற்குப் பிறகு எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சமையலறைச் சுண்ணாம்புக் கூரையைச் சுரண்டினேன். பூச்சுக்கு உள்ளே கல்லை வளைத்துக் கட்டிய பழைய கமான். மாடிப் படிக்கட்டின் கற்கள் நடுவில் குழிந்து தேய்ந்திருந்தன. தொண்ணூறு வருஷத்து வேலைக்காரிகள் எத்தனை தடவை ஏறி இறங்கினாலும் கல் அப்படித் தேயாது. பரணில் ஏறிப் பார்த்தேன். சுவர் கூரையோடு முடியவில்லை, வெட்டப்பட்டிருந்தது. மேலே இன்னும் இரண்டு மூன்று தளங்கள் இருந்து, யாரோ இறக்கியிருக்கிறார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 1587-க்காக நான் இவ்வளவு அலையவில்லை. அந்த அறைக்காக அலைந்தேன். பின்கட்டுதான் பழைய வீடு என்று காட்டிவிட்டால் மேஜர் அதை இடிக்க மாட்டார். அவர் இடிக்காவிட்டால் மிஸஸ் மெல்ட்ரம் எங்கேயும் போக வேண்டாம். என் மனசில் ஓடிய கணக்கு அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை, இடிக்கும் வேலையை எடுத்திருந்த வாட்டி காவ் பார்வையிட வந்தார். கொத்தனார், கொத்தனாரின் மகன். அந்த வருஷங்களில் கட்டுவதைவிட இடிப்பதில்தான் அவருக்கு வேலை கிடைத்தது. அது அவருக்கே பிடிக்காது. விஷயத்தைச் சொன்னதும் என்னை முன்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கேயும் சன்னலோரம் சுவர் ஐந்தடி தடிமன் காட்டும். வாட்டி சுத்தியலின் பிடியால் மரப்பலகையைத் தட்டினார். தப்பட்டை மாதிரி சத்தம் வந்தது. ஒரு பலகையை நெம்பி எடுத்தோம். இரண்டடிக் கல், அப்புறம் வெறும் காற்று, அப்புறம் தேவதாரு மரச்சட்டம், அதன் மேல் காரைப் பூச்சு. சட்டத்தின் இடுக்கில் யாரோ தச்சன் செருகி வைத்த பழைய தினசரி. 1868, மே மாதம்.

"தோள்ல பஞ்சு வெச்சுத் தெச்ச கோட்டு, பொண்ணு," என்றார் வாட்டி. "கெழவன் ஊருக்கே காதுல பூ சுத்தியிருக்கான்."

கடைசியாக அந்தக் கல்யாணக் கல். ஏணி போட்டு அளந்தேன்: மூன்றடி பத்தங்குல நீளம், ஓரடி ஏழங்குல உயரம், கீழ் இடது மூலை உடைந்திருந்தது. பின்கட்டின் பழைய வாசலுக்கு மேலே வாட்டி சிமெண்டைத் தட்டி உதிர்த்தார். உள்ளே செங்கல் வைத்து அடைத்த ஒரு சதுரம். அதே நீளம், அதே உயரம். உடைந்த மூலை சுவரிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. கல்லை இங்கிருந்து பெயர்த்து எடுத்துப்போய் அங்கே வைத்திருக்கிறார் சர் ஆர்ச்சிபால்ட்.

ஏன் அப்படிச் செய்தார் என்றால், எங்கள் ஜனங்களுக்கு இருக்கும் ஒரு வியாதியால்தான். பழைய கோபுர வீடு கூண்டும் தொப்பியும் இல்லாமல் மொட்டையாக, குட்டையான சன்னல்களோடு, தானியக் கிடங்கு மாதிரி இருந்திருக்கும். கையில் பணம் வந்த மனிதருக்கு அது போதுமான அளவு பழமையாகத் தெரியவில்லை. எடின்பரோவிலிருந்து ஒரு கட்டடக் கலைஞரை வரவழைத்து, பழைய வீடு எப்படி இருந்திருக்க வேண்டும் என்று தான் ஆசைப்பட்டாரோ அப்படி ஒன்றை முன்னால் கட்டிக்கொண்டார். நிஜமான பழசின் தலையை வெட்டி, சிமெண்டு பூசி, அதில் வெங்காயம் உரிக்க வைத்தார். அவர் பேரன் வரைக்கும் எல்லோரும் நம்பினார்கள். நான் போயிராவிட்டால் திங்கட்கிழமை 1587-ஐ இடித்துவிட்டு 1868-ஐ மாலை போட்டுக் காப்பாற்றியிருப்பார்கள்.

சனிக்கிழமை காலையில் மேஜரிடம் சொன்னேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. பலகையைப் பெயர்த்த இடத்தில் கையை விட்டுப் பார்த்தார். தினசரியை வாங்கித் தேதியைப் படித்தார். பிறகு பின்கட்டுக்கு வந்து, இறைச்சி அலமாரிக்குப் பின்னால் மண்டியிட்டு, வெண்ணெய்ப் பாத்திரத்தை எடுத்து வெளியே வைத்துவிட்டு, பொந்துக்குள் தோள் வரைக்கும் கையை விட்டார்.

"ஆக, பூர்வீக வீட்ல இறைச்சி வறுத்துக்கிட்டு, பொம்மைக் கோட்டையில உக்காந்து சாப்பிட்டிருக்கோம். தொண்ணூறு வருஷமா," என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. அவமானமா சந்தோஷமா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அன்றைக்கே ஏற்பாடு மாறியது. முன்கட்டும் இணைப்பும் இடியும், பின்கட்டு நிற்கும். வாட்டிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கள்ளக் கோபுரத்தை இடிப்பதில் அவருக்கு மனக்கஷ்டம் இல்லை. மேஜர் மேலே வந்து குடியிருக்க வேண்டும் என்பதை மிஸஸ் மெல்ட்ரமே யோசித்து வைத்திருந்தார். மூன்று அறைகள் இருக்கின்றன. மேஜருக்கு இரண்டு, தனக்கு ஒன்று. வெயில் வரும் அறையை அவருக்கே கொடுத்துவிடலாம், பாவம், மூட்டுவலிக்காரர், என்றார். அன்று துணியில் மூட்டையாகக் கட்டி அவித்த திராட்சைப் பண்டம் செய்து எனக்குப் பாதியை வைத்தார். என் வாழ்க்கையில் அளவு டேப்பால் ஒரு மனுஷிக்கு நல்லது செய்தேன் என்று நான் பெருமைப்பட்டது அந்த ஒரு சனிக்கிழமைதான்.

ஆபீஸுக்குத் திரும்பி அறிக்கை எழுதினேன். பன்னிரண்டு பக்கம். சுவர்த் தடிமன், கமான், துப்பாக்கிப் பொந்து, வெட்டப்பட்ட தளங்கள், கல்லின் உடைந்த மூலை எல்லாவற்றையும் ஆசையோடு எழுதினேன். கடைசிப் பகுதி சிபாரிசு, அதற்கு ஆசை தேவையில்லை. அந்தப் பகுதியை எல்லா அறிக்கைகளிலும் ஒரே மாதிரித்தான் எழுதுவோம். தட்டச்சுப் பெண்ணுக்கே மனப்பாடம். எழுதி, கையெழுத்துப் போட்டு, மேஜருக்கு ஒரு பிரதி அனுப்பினேன்.

அக்டோபர் கடைசியில் மேஜர் கூப்பிட்டனுப்பினார். போனபோது முன்கட்டில் இரண்டு மாடிதான் மிச்சம். கூம்புத் தொப்பிகள் புல்வெளியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. சமையலறையில் மேஜையின் ஒருபக்கம் மேஜர் என் அறிக்கையை விரித்து வைத்திருந்தார். அடுப்புப் பக்கம் மிஸஸ் மெல்ட்ரம் சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்து, உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

மேஜர் தொண்டையைக் கனைத்தார். தனியாகச் சொல்லும் தைரியம் அவருக்கு வரவில்லை, அதற்குத்தான் என்னை வரவழைத்திருக்கிறார் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

"மிஸஸ் மெல்ட்ரம், இத நான் சொல்றத விட, தெரிஞ்சவங்க எழுதினதையே படிச்சிடறேன்," என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பன்னிரண்டாம் பக்கத்தைப் படித்தார். "'இப்பகுதி தற்போது சமையலறையாகவும் வேலைக்காரர் இருப்பிடமாகவும் தாழ்ந்த பயன்பாட்டில் உள்ளது. பிற்காலத் தடுப்புகளை அகற்றி, முதல் தளத்தை உரிமையாளரின் மூலக் கூடமாக மீட்பது உகந்தது.'"

சூப்புக் கரண்டி நின்றது.

மேஜர் அவசர அவசரமாகப் பேசினார். மாடியில் மூன்று அறைகளுக்கும் நடுவிலுள்ள தடுப்புகளை எடுத்துவிட்டால் முப்பதடிக் கூடம் கிடைக்கும், 1587-இல் இருந்த மாதிரியே. அவர் பரணில் படுத்துக்கொள்வார். சமையலுக்கு ஊரிலிருந்து ஒரு பெண் காலையில் வந்து போவாள். ஃபார்ஃபர் வீடு இன்னும் கைநழுவிப் போகவில்லை. பாதி வீட்டைத் தன் கையாலேயே இடித்தவர், மிச்சப் பாதியாவது நிஜமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது தப்பா? இதையெல்லாம் அவர் என்னைப் பார்த்துக் கேட்டார், மிஸஸ் மெல்ட்ரத்தைப் பார்த்து இல்லை.

நான் வாயைத் திறந்தேன். அது எல்லா வீட்டுக்கும் எழுதும் வாக்கியம், தடுப்புகள் இருப்பதால் சுவருக்கு ஒரு கெடுதலும் இல்லை, மூன்று அறைகளை அப்படியே விட்டுவிடலாம் என்று படபடவென்று சொன்னேன்.

"எழுதினது தப்புன்னு சொல்றீங்களா, மிஸ் லெய்ங்?" என்றார் மேஜர். மரியாதையாகத்தான் கேட்டார். "தப்புன்னா சொல்லுங்க. இப்பவே கிழிச்சுப் போட்டுடறேன்."

அந்த இடத்தில் ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். தாத்தா கல்லிலேயே பொய் சொல்லிவிட்டுப் போன வீடு அது. ஒரு வார்த்தைப் பொய்யால் அதற்கு என்ன குறைந்துவிடும்? ஆனால் என் கையெழுத்துப் போட்ட அறிக்கை, என் முதல் பெரிய கண்டுபிடிப்பு. அதில் தப்பு இருக்கிறது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"தப்பில்ல. ஆனா..." என்றேன்.

அவருக்கு முதல் வார்த்தையே போதுமாக இருந்தது. அறிக்கையை மேஜையிலேயே வைத்துவிட்டு, வாட்டியைப் பார்க்க வேண்டும் என்று எழுந்து வெளியே போனார்.

மிஸஸ் மெல்ட்ரம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அந்தத் தாள இப்படிக் குடு கண்ணு," என்றார். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். படங்களைப் பார்த்தார். தன் சன்னல் மாடத்தின் படத்தில், நான் அளவு தெரிவதற்காக நாற்காலியை எடுத்துவிட்டு அளவுக்கோலை வைத்திருந்தேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுல நான் எங்க வர்றேன்?"

விரலை வைத்துக் காட்டினேன். வேறு என்ன செய்வது? வேலைக்காரர் இருப்பிடம் என்று மெதுவாகப் படித்தார். அடுத்த இரண்டு வார்த்தைகளை இரண்டு தடவை படித்தார்.

"தாழ்ந்த பயன்பாடுன்னா, என் சமையலையா சொல்றே, என்னையா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். கோபித்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அப்படி நினைத்து எழுதவில்லை, நினைக்காமலே எழுதினேன் என்று சொன்னேன். அதைச் சொல்லும்போதே அது இன்னும் மோசமாகக் கேட்டது.

"சரி, சூப்பு ஆறுது. சாப்பிட்டுட்டுக் கெளம்பு," என்றார்.

சாப்பிட்டேன். வெட்கம் கெட்டுப்போய்க் கடைசிச் சொட்டு வரைக்கும் சாப்பிட்டேன்.

நவம்பர் பதினொன்றாம் தேதி, வேலைக்காரர்கள் இடம் மாறும் மார்ட்டின்மஸ் நாளில், அவர் ஃபார்ஃபருக்குப் போனார். நான் காரைக் கொண்டுவருகிறேன் என்று எழுதியிருந்தேன். வேண்டாம், பஸ் இருக்கிறது என்று ஒரு அட்டை வந்தது. அந்தத் தடுப்புகளை வாட்டி டிசம்பரில் எடுத்தார். கூடம் நிஜமாகவே அழகாக இருக்கிறது. அதை மறுத்தால் பொய். கட்டடக் கலை மாணவர்கள் இன்றைக்கும் பஸ் பிடித்து வந்து பார்க்கிறார்கள், ஆறரை அடிச் சுவரில் கையை வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிட்டார்வியைக் கண்டுபிடித்தவள் என்று எனக்குக் கொஞ்சம் பெயரும் உண்டு. மேஜர் அங்கே பதினோரு வருஷம் வாழ்ந்தார். மிஸஸ் மெல்ட்ரம் ஃபார்ஃபரில் ஆறு வருஷம் வாழ்ந்தார். இரண்டு முறை பார்க்கப் போனேன். இரண்டு முறையும் தங்கைதான் பேசிக்கொண்டிருந்தாள்.

அந்த வாக்கியத்தை அதற்குப் பிறகு நான் எந்த அறிக்கையிலும் எழுதவில்லை. எந்த அறையை அளந்தாலும் அதில் யார் படுக்கிறார்கள் என்று பெயரைக் கேட்டு முதல் பக்கத்தில் எழுதினேன். மேலதிகாரி இரண்டு தடவை அடித்துத் திருத்தினார், நான் திரும்ப எழுதினேன். இருபத்தெட்டு வருஷம் அப்படிச் செய்தேன். அதனால் மிஸஸ் மெல்ட்ரத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.